டென்மார்க் டொக்டரின் வட்டாரம்

ரொறன்ரோவின் ஸ்காபுரோப் பக்கம், மோர்னிங்சைட்டில் நிலாணி என்று விசாரித்தால் பலருக்குத் தெரியாது. டென்மார்க் டொக்டர் என்றால் பஸ் தரிப்பில் நிற்பவர்கூடக் கையை நீட்டிப் பிளாசாவின் மூலைக் கடையைக் காட்டுவார். எட்டு வயதில் தாய் தகப்பனோடு அகதியாகப் போய், டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில் ஹேர்னிங் என்ற சிறு நகரத்தில் வளர்ந்தவள் அவள். தகப்பன் பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் கத்தியோடு நின்ற வருடங்களில் அவள் ஓகூஸ் நகரத்தில் மருத்துவம் படித்து முடித்தாள். அங்கேயே இருந்திருந்தால் ஏதாவதொரு கடலோர ஊரில், சைக்கிளில் வேலைக்குப் போய் வரும் நிம்மதியான டொக்டராக இருந்திருப்பாள். கலியாணம் அவளை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தது. வந்த இடத்தில் டென்மார்க் பட்டம் போதாது என்றார்கள். மறுபடியும் சோதனைகள், பயிற்சி இடத்துக்காகக் காத்திருப்பு, வயிற்றுப்பாட்டுக்கு ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. அந்த ஓட்டத்தில் கலியாணமும் தங்கவில்லை. கடைசியில் அனுமதி கிடைத்துக் கிளினிக் திறந்தபோது தலையில் நரை தெரியத் தொடங்கியிருந்தது.

அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. வளர்ந்த ஊரின் பழக்கம் அது. "அங்கிள், குடியை விடாட்டி உங்கட ஈரல் கனகாலம் தாங்காது" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். முதலில் சனம் பயந்தது. பிறகு அதற்காகவே தேடி வந்தது. டென்மார்க்கில் எல்லோரிடமும் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும், அதில் அவரவர் பெயரோடு அவரவருடைய டொக்டரின் பெயரும் அச்சடித்திருக்கும் என்று நோயாளிகளிடம் சொல்வாள். "இஞ்ச அப்பிடி இல்லை. அதால நீங்கள் என்ர பேரை மனதில வச்சிருங்கோ" என்பாள்.

கிளினிக்குக்குப் பின்னால் சரிவில் ஒரு பழைய வாடகைக் கட்டடம் இருந்தது. தை மாதக் குளிரில் அங்கே வெப்பமூட்டி நின்றுவிடும். திருத்த ஆள் வருவதற்குள் பிள்ளைகள் ஜாக்கெட்டோடு படுத்து எழும்பும். சுவர்களில் பூஞ்சணம். அந்தக் கட்டடத்திலிருந்து வருபவர்களை இருமலை வைத்தே அவளால் அடையாளம் காண முடிந்தது.

அப்படி இருமிக்கொண்டு வந்தவர்தான் மனோரஞ்சிதம். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த மனுசி. கூடவே புருசன் மகேஸ்வரன் வருவார். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், நல்ல வாய்க்காரர். மனுசிக்குப் பதில் அவர்தான் நோயைச் சொல்வார். நிலாணி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "அன்ரி, நீங்கள் சொல்லுங்கோ" என்று கேட்டால்தான் மனோரஞ்சிதத்தின் வாயிலிருந்து இரண்டு சொல் வரும்.

மூன்றாவது தடவை மூச்சுப் பம்ப் எழுதிக் கொடுத்தபோது நிலாணிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவர்களோடு கட்டடத்துக்கு நடந்தாள். மகேஸ்வரன் படுக்கையறை அலுமாரியை இழுத்துக் காட்டினார். பின்சுவர் தரையிலிருந்து இடுப்புயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. அவள் விரலால் சுரண்டினாள். ஈரமாக உரிந்து வந்தது.

அன்றைக்கே நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பிறகும் செய்தாள். நேரிலும் போனாள். ஒரு பொடியன் மரியாதையாகக் கோப்பி கொடுத்து, சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டி அனுப்பிவைத்தான். அந்தக் குளிர்காலமும் போய் அடுத்ததும் வந்தது. சுவர் கறுத்தபடிதான் இருந்தது.

"சுவருக்கு நீங்க மருந்து எழுதேலாது மகள்" என்றார் மகேஸ்வரன். "எழுதக்கூடிய இடத்தில போய் இருங்க. வாற எலெக்சன்ல நில்லுங்க. நான் கதவு கதவாத் தட்டுறன்."

நிலாணி சிரித்தாள். ஆனால் அவர் விடவில்லை. வரும்போதெல்லாம் அதே கதை. காத்திருப்போர் கதிரைகளில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். மனோரஞ்சிதம் மட்டும் ஒருநாள், "அவவை விடுங்களன், அவவுக்கு உள்ள வேலை போதாதா" என்றார். "சும்மா இரு கா, உனக்கு விளங்காது" என்று மகேஸ்வரன் அடக்கிவிட்டார்.

கடைசியில் நிலாணி தேர்தலில் நின்றாள். தேர்தல் வேலையை நடத்த வந்தவள் அனுபமா. சென்னைக்காரி, வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்தவள். பிள்ளையின் காதுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்த பழக்கம். கூர்மையானவள், எதற்கும் கலங்காதவள். "டாக்டர், நீங்க பேசுறது எல்லாம் சரி. ஆனா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு பிளட் பிரஷர் பாத்துக்கிட்டு இருந்தா எலெக்‌ஷனே முடிஞ்சிடும்" என்று இழுத்துக்கொண்டு போவாள். எதிர்ப்பக்கத்து ஆட்கள், டென்மார்க்கில் சொகுசாக வளர்ந்தவளுக்கு எங்கள் சனத்தின் கஷ்டம் தெரியுமா என்று கதை பரப்பினார்கள். மகேஸ்வரன் அதற்கும் ஆள் ஆளாகப் பிடித்துப் பதில் சொன்னார். முழங்கால் வலியோடு மாடி மாடியாக ஏறினார். தமிழர் வீடு, சீனர் வீடு, கறுப்பினத்தவர் வீடு என்று பாராமல் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஷீ இஸ் மை டொக்டர்" என்று சொல்லி அவளுடைய படத்தைக் காட்டினார். வேறு பிரசாரம் அவருக்குத் தேவைப்படவில்லை.

சிறு வித்தியாசத்தில் அவள் வென்றாள். முடிவு வந்த மாலையில் மண்டபத்தில் மகேஸ்வரன் குழந்தைமாதிரி அழுதார். நிலாணி அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் உயிரோடு இருந்திருந்தால் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தாள்.

இரண்டு வேலையையும் பார்க்கலாம் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். சில மாதங்களிலேயே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. நகரசபைக் கூட்டம் இழுபட்ட நாட்களில் கிளினிக்கில் சனம் காத்திருந்து திரும்பிப் போனது. தன் இடத்துக்கு ஆள் தேடினாள். ஒரு இளம் டொக்டர் வந்து பார்த்தார். நோயாளிகளின் தொகையையும் வயதையும் கேட்டார், திரும்பி வரவில்லை. இன்னொருத்தி பக்கத்து நகரமான வோகனில் இடம் கிடைத்துப் போய்விட்டாள். கடைசியில் கிளினிக்கின் கண்ணாடிக் கதவில் மூடப்போகும் அறிவித்தலை நிலாணியே ஒட்டினாள்.

கடைசி வாரத்தில் மனோரஞ்சிதம் வந்தார். இரத்த அழுத்தக் குளிசைக்கு வந்தவர், கட்டிலில் இருந்தபடி கேட்டார்.

"இனி எங்களை ஆர் பாக்கிற மகள்?"

"கொஞ்ச நாளைக்கு வோக்-இன் கிளினிக்குக்குப் போங்கோ அன்ரி. நான் ஆரையாவது பிடிச்சுத் தாறன். ஏதும் எண்டால் எனக்குப் போன் அடியுங்கோ."

"அங்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆள். எனக்கு முதல்ல இருந்து கதை சொல்ல வராது."

"அவ இப்ப ஊருக்கே டொக்டர். உன்னை மட்டும் பாத்துக்கொண்டு இருக்கேலுமா" என்றார் மகேஸ்வரன், பெருமை தாளாமல். மனோரஞ்சிதம் குளிசைத் துண்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். போகும்போது நிலாணியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

நகரசபையில் அவள் சும்மா இருக்கவில்லை. முதல் வேலையாகச் சரிவுக் கட்டடத்துக்குப் பரிசோதகர்களை அனுப்பினாள். அறிக்கை வந்தது; தண்டம் விதிக்கப்பட்டது. உரிமையாளர் கம்பனி மேல்முறையீடு செய்தது. அவள் விடாமல் திரும்பவும் அனுப்பினாள். அந்தக் குளிர்காலத்தில் வெப்பமூட்டி நிற்கவில்லை. மகேஸ்வரன் போன் எடுத்து, "சுவர் காயுது மகள்" என்று சொன்னபோது, தான் செய்தது சரிதான் என்று அவள் முழுசாக நம்பினாள்.

அடுத்த வசந்தத்தில் கம்பனி தன் பதிலைத் தந்தது. திருத்துவது கட்டுப்படியாகாது, கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டு கோபுரங்கள் எழுப்பப் போகிறோம் என்று விண்ணப்பம் போட்டது. குடியிருப்பவர்களுக்கு நட்டஈடு உண்டு. கோபுரம் எழும்பிய பிறகு பழைய வாடகைக்குத் திரும்பி வரும் உரிமையும் உண்டு. எழும்ப எத்தனை வருடமோ, அதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மண்டையில் அடித்தமாதிரி இருந்தது நிலாணிக்கு. அவள் அனுப்பிய பரிசோதகர்களின் அறிக்கைகளைத்தான் கட்டடம் குடியிருக்க உதவாது என்பதற்குக் கம்பனி ஆதாரமாகக் காட்டியிருந்தது.

"எதிர்த்து ஓட்டுப் போடப் போறன்" என்றாள்.

அனுபமா இப்போது அவளுடைய அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். "போடுங்க. கைதட்டுவாங்க. அவங்க மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போவாங்க, அங்க ஜெயிப்பாங்க. அப்புறம் இந்த நட்டஈடு, திரும்பி வர்ற உரிமை, எதுவுமே நம்ம கையில இருக்காது. இப்போ உக்காந்து பேசினா கொஞ்சம் கூட வாங்கித் தரலாம். மனசாட்சிக்கு ஓட்டுப் போடணுமா, அந்த ஜனங்களுக்கா, நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க நிலாணியால் முடியவில்லை. அதுதான் அவளைக் கூடுதலாக உறுத்தியது. கம்பனியோடு பேசினாள், நட்டஈட்டைக் கூட்டுவித்தாள், சபையில் ஆதரித்துக் கை உயர்த்தினாள்.

சமூக நிலையத்தில் கூடிய கூட்டத்தில் சனம் கொதித்தது. ஒரு சோமாலியத் தாய் எழுந்து, உன்னை நம்பித்தானே வாக்குப் போட்டோம் என்று கேட்டாள். பின்னால் யாரோ, "எவ்வளவு வாங்கினவ எண்டு கேளுங்கோ" என்றார்கள். நிலாணி விளக்கிக்கொண்டே போனாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. நோயாளிக்கு முன்னால் ஒருநாளும் அவள் இப்படி வளைந்து வளைந்து பேசியதில்லை. அப்போது முன்வரிசையிலிருந்து மகேஸ்வரன் எழுந்து சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அவவை எனக்குத் தெரியும். எங்களுக்குக் கூடாத ஒண்டை அவ செய்யமாட்டா" என்றார். அவர் சனத்திடம் நல்ல பெயர் எடுத்தவர். அவருக்காகச் சனம் அடங்கியது. பக்கத்தில் மனோரஞ்சிதம் கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

இலை உதிரும் காலத்தில் கட்டடம் காலியானது. அந்த வாடகைக்கு ஸ்காபுரோவில் யாருக்கும் வீடு கிடைக்கவில்லை. சிலர் ஒசாவாவுக்கு, சிலர் ஒன்ராறியோவின் லண்டன் பக்கம் என்று சிதறினார்கள். மகேஸ்வரனும் மனுசியும் பிறம்ரனில் பண்டகசாலையில் வேலை செய்யும் மகன் மிதுசனின் நிலக்கீழ் அறைக்குப் போனார்கள். நிலாணி ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள்.

கோபுரங்களுக்கு மண் வெட்டும் விழா வைகாசியில் நடந்தது. நிலாணிக்கும் ஒரு தலைக்கவசமும் வெள்ளி பூசிய மண்வெட்டியும் தந்து வரிசையில் நிறுத்தினார்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். அப்போதுதான் கயிற்றுக்கு அப்பால் நின்ற மகேஸ்வரனைக் கண்டாள். பழைய வீட்டின் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பஸ் மாறி மாறி வந்திருந்தார். பக்கத்தில் மனோரஞ்சிதம்.

இருபதடி தூரத்திலிருந்து அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் வற்றிப்போயிருந்தது, சட்டை தோளில் தொங்கியது. வெயிலில் நிமிர்ந்து பார்த்தபோது கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது.

மண்வெட்டியைப் பக்கத்தில் நின்றவரின் கையில் கொடுத்துவிட்டு நிலாணி கயிற்றைத் தாண்டிப் போனாள். அனுபமா பின்னால் கூப்பிட்டது கேட்டது.

"அன்ரி, இஞ்ச பாருங்கோ." கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "உடம்பு கடிக்குதா?"

"ஓம். சொறிஞ்சு சொறிஞ்சு நித்திரை இல்ல."

"முதுகு நோவுதா? சாப்பாடு?"

"முதுகு மாசக்கணக்கா நோவுது. சாப்பாட்டில மனமில்ல."

"டொக்டரிட்டக் காட்டின நாங்கதான்" என்றார் மகேஸ்வரன். "வோக்-இன்ல வயித்தெரிவுக்குக் குளிசை தந்தாங்க. பிறகு போக வேற ஆள். முதுகுக்கு எக்சர்சைஸ் செய்யச் சொன்னாங்க."

அவர்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு நிலாணி நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டாள். மகேஸ்வரன் பின்னாலிருந்து கோபுரத்தில் எத்தனை மாடி என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவள் முன்னால் இருந்த மனோரஞ்சிதத்திடம் மெதுவாக, "ஏன் அன்ரி எனக்குப் போன் அடிக்கேல்ல? நான் சொன்னனான் எல்லே" என்றாள்.

"அடிச்ச நான் மகள். மாசிமாசம். உங்கட ஒபிசில ஒரு பிள்ளை நல்ல மரியாதையாக் கதைச்சது. சுகாதாரம் மாகாணத்துக்குரிய விசயமாம். அங்க கேக்கச் சொல்லி ஒரு நம்பரும் தந்தது."

நிலாணி வீதியில் கண்ணை வைத்துக் காரை ஓட்டினாள். பழைய நோயாளிகளின் அழைப்புகளால் அலுவலகம் திணறியபோது அந்தப் பதிலை அலுவலகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிலாணி வாரத்தில் இரண்டு மூன்று தடவை போய் வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நிற்பாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. தாதிமார் அவளைப் பார்வையாளர் என்றே நடத்தினார்கள். ஒருநாள் மனோரஞ்சிதம் அவளுடைய கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, "நீங்களே ஒருக்கா அமத்திப் பாருங்க" என்றார். நிலாணி அமத்திப் பார்த்தாள். கைக்குத் தட்டுப்பட்டது. "பெரிசா இருக்கு அன்ரி" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு அப்போதும் வரவில்லை. மனோரஞ்சிதம் ஆறுதலடைந்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார். ஆடி பிறக்கும் முன்னே இறந்துபோனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு நிலாணி பிறம்ரனுக்குப் போனாள். மிதுசன் கதவைத் திறந்து, "அப்பா டவுன்ஸ்டெயர்ஸ்" என்று மட்டும் சொல்லி ஒதுங்கினான். மகேஸ்வரன் சின்ன யன்னலுக்குக் கீழே கதிரையில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. எழுந்து வரவேற்கவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

"ஒண்டு கேக்கிறன். நேராச் சொல்லுங்க, நீங்க அப்பிடிச் சொல்லுற ஆள்தானே" என்றார். "நீங்க கிளினிக்கில இருந்திருந்தா அவள் இருந்திருப்பாளா?"

"தெரியாது அங்கிள். உது பொல்லாத வருத்தம். முந்தியே கண்டாலும் கனபேர் தப்பிறேல்ல." நிலாணி மூச்சை இழுத்தாள். "ஆனால் அன்ரி வாறநேரமெல்லாம் நான் நிறை பாக்கிறனான். குறையிறதைக் கண்டிருப்பன். சும்மா விட்டிருக்கமாட்டன். ஒப்பரேசனுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைச்சிருக்கும்."

அவர் தலையாட்டினார்.

"உங்களை ஆரும் கொண்டுபோகல்ல. நாந்தான் கதவு கதவாத் தட்டிக் குடுத்தன். முழங்கால் வீங்கிக்கொண்டு குடுத்தன். அவளிட்ட இருந்து எடுத்துத்தான் ஊருக்குக் குடுத்திருக்கிறன். அவள் வேணாமெண்டு சொன்னவள். உனக்கு விளங்காதெண்டு சொல்லிற்றன்."

"அங்கிள், பிழை என்னில..."

"உங்கட பிழையை நீங்க வச்சிருங்க. நான் என்ர கணக்கைச் சொல்றன்." அவருடைய குரல் உயரவில்லை. "கட்டடத்தைத் திருத்தித் தாங்க எண்டு அனுப்பினன். கட்டடமும் இல்ல, அவளும் இல்ல, நீங்க இருக்கிறீங்க. இனி இஞ்ச வராதீங்க கவுன்சிலர். உங்களைக் கண்டா அந்தக் கூட்டத்தில நான் எழும்பி நிண்டது நினைவுக்கு வருது."

அவள் படியேறி வெளியே வந்தாள். தெருவில் கனரக லொறிகள் போய்க்கொண்டிருந்தன. காருக்குள் இருந்து நெடுநேரம் அழப் பார்த்தாள். அழுகை வரவில்லை.

மறுபடி டொக்டராகிவிடலாம் என்று அந்தக் குளிர்காலம் முழுதும் யோசித்தாள். விசாரித்தும் பார்த்தாள். இத்தனை காலம் விட்டபடியால் முதலில் இன்னொரு டொக்டரின் மேற்பார்வையில் வேலை செய்து காட்ட வேண்டும் என்றார்கள். அவளுக்கு அது மூன்றாவது தடவை. பழைய கிளினிக்கில் இப்போது போன் விற்கிறார்கள். நோயாளிகள் எங்கெங்கோ போய்விட்டார்கள். அனுபமா வந்து, "அடுத்த தேர்தல்ல நீங்க நிக்கலன்னா அந்த பில்டரோட ஆளு நிக்கப் போறான். அடுத்த கட்டடத்துக்கு நட்டஈடுகூட வராது" என்றாள். அதிலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. வைகாசியில் நிலாணி திரும்பவும் வேட்புமனுப் போட்டாள்.

சரிவுக் கட்டடத்தின் சனம் ஒருவரும் இப்போது வட்டாரத்தில் இல்லை. அவளுக்கு வாக்குப் போடவோ போடாமல் விடவோ அவர்களால் முடியாது. கோடையில் ஒரு சனிக்கிழமை, தெருவுக்கு மறுபக்கம் புதிதாகச் சனம் குடிவந்திருந்த அடுக்குமாடியில் கதவு தட்டிக்கொண்டு போனாள். ஒரு இளம் தாய் திறந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, மூக்கொழுகி, நெஞ்சு கரகரத்தது. தன் பெயர் தேனுகா என்றாள். துண்டுப்பிரசுரத்தை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டொக்டர் நிலாணி... வெயிட், நீங்கள் றியல் டொக்டரா அன்ரி? ஆர் யூ டேக்கிங் நியூ பேஷன்ட்ஸ்? நாங்கள் ஒரு இயரா தேடுறம், ஒருத்தரும் எடுக்கினம் இல்லை."

"இல்லை" என்றாள் நிலாணி. "நான் இப்ப வைத்தியம் பாக்கிறேல்லை."

"ஓ" என்றாள் தேனுகா. பிரசுரத்தைக் குழந்தையின் கை எட்டாமல் மடித்து வைத்துக்கொண்டு, கதவை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். "அப்ப நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள்?"

நிலாணி தன் திட்டங்களைச் சொல்லத் தொடங்கினாள். குழந்தை இருமியது. தேனுகா அதன் முதுகைத் தடவிக்கொண்டு மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள்.